எல்லையில் சொன்ன உறவு

ஏப்ரல் 9

அக்கா,

வந்து சேர்ந்துவிட்டோம். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ கடைசி வரிக்குத் தாவிவிடுவாய், நடுவில் எழுதியதைப் படிக்கவே மாட்டாய். இரண்டு பேருக்கும் கை கால் முழுசாக இருக்கிறது. வாலுவுக்குப் பஸ்ஸில் வாந்தி. என் மடியில்தான், வேறெங்கே எடுப்பாள் உன் மகள்?

எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஆறாம் வகுப்பு. பெஞ்சுகளை வராந்தாவில் அடுக்கிவிட்டு, குறுக்கே கயிறு கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு போர்வைக்கும் அடுத்த போர்வைக்கும் நடுவில் இருப்பதற்குப் பெயர் அறை. கரும்பலகையில் யாரோ பாதியில் விட்டுப்போன வகுத்தல் கணக்கு அப்படியே இருக்கிறது. பக்கத்துப் போர்வைப் பெரியவர் காலையில் எழுந்ததும் அதன் முன்னால் நின்று, "மீதி வருமா, வராதா?" என்று யோசிக்கிறார். அவருக்கு அது ஒரு வேலை.

எனக்கும் வேலை வந்துவிட்டது. பார்லரில் இருந்தவள் என்று தெரிந்ததும் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோருக்கும் பேன். கல்யாணப் பெண்களுக்குக் கொண்டை போட்ட கை இப்போது எல்லோருக்கும் ஒட்ட வெட்டிக்கொண்டிருக்கிறது. எல்லையில் பெரிதாக ஒன்றும் பிரச்சினை இல்லை. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பஸ்ஸில் உனக்கும் இடம் இருந்தது. நீ வாலுவைத் தூக்கி என் மடியில் உட்கார வைத்துவிட்டு, "வார்டுல ஆள் இல்லடி" என்று சொல்லி இறங்கிப் போனாய். யார் யாரோ பெற்ற பிள்ளைகளுக்காக நீ பெற்றதை விட்டுவிட்டு நின்றாய். அவள் ஜன்னல் வழியாக உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவே இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இதை ரொட்டி லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆள் நம்பகமானவர்தான், ஆனால் வாய் ஓயாது.

குட்டி


ஏப்ரல் 21

குட்டி,

கடைசி வரியிலிருந்துதான் படித்தேன். பிறகு முழுவதும் படித்தேன். இரண்டு பேரும் இருக்கிறீர்கள், போதும்.

இங்கே தலைக்கு மேல் வேலை. குழந்தைகள் வார்டுக்கு நர்ஸ் என்று நானும் சீனியரும்தான். சீனியருக்கு முட்டி போய்விட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஊசி போடுகிறார், பிள்ளைகளை நான் ஒவ்வொன்றாக அவர் முன்னால் கொண்டுபோய் நீட்டுகிறேன். தொட்டில் போதவில்லை. மருந்து அலமாரியின் டிராயர்களை உருவி எடுத்துத் துணி விரித்துக் கைக்குழந்தைகளை அதில் போட்டிருக்கிறோம். ஜன்னல் கண்ணாடி எல்லாம் போய்விட்டதால் பழைய எக்ஸ்ரே படங்களை ஒட்டி அடைத்திருக்கிறோம். வெயில் வந்தால் யாருடைய விலா எலும்போ எதிர்ச் சுவரில் விழுகிறது. பிள்ளைகள் அதை எண்ணிப் பார்த்துச் சண்டை போடுகிறார்கள்.

யார் யாரோ பெற்ற பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறாய். ஆமாம். இவர்களைப் பெற்றவர்களும் உன் அத்தான் மாதிரி தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றவர்கள்தான். அவர் வாளியோடு போனார். வாளியையாவது பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இந்தப் பிள்ளைகளுக்கு அதுவும் வரவில்லை. இவர்களை அப்படியே போட்டுவிட்டு நான் பஸ்ஸில் ஏறியிருந்தால் உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருப்பேன், ஆனால் உனக்கு உபயோகப்பட்டிருக்க மாட்டேன்.

வாலுவுக்குச் சளி பிடித்தால் காதில் இறங்கும், தலையில் துணி கட்டு. பால் மேல் ஆடை இருந்தால் தொட மாட்டாள். இருட்டுக்குப் பயப்பட மாட்டாள், கதவு அடித்துச் சாத்தினால்தான் பயம். அவளை வேகமாக நடக்கச் சொல்லாதே, உட்கார்ந்துவிடுவாள்.

என்னைக் கேட்கிறாளா? உண்மையை எழுது.

அக்கா


மே 6

அக்கா,

பால் மேல் ஆடையா? எந்த உலகத்தில் இருக்கிறாய்? இங்கே பால் என்பது பாக்கெட்டில் வரும் மாவு. தண்ணீரில் கலக்கினால் கட்டி கட்டியாக மிதக்கும். உன் மகள் மறு பேச்சு பேசாமல் குடிக்கிறாள். வேகமாகவும் நடக்கிறாள். நடக்காவிட்டால் சாப்பாட்டு வரிசையில் கடைசி ஆளாகிவிடுவோம் என்று அவளுக்கே தெரியும். அவளுடைய பிடிவாதங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. எனக்குப் பிடிக்கவில்லை.

முன் பல் விழுந்துவிட்டது. சிரித்தால் வாசல் திறந்த வீடு மாதிரி இருக்கிறாள். நீ பார்க்க வேண்டும்.

உன்னைக் கேட்கிறாளா என்றால், வந்த புதிதில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கேட்டாள். இப்போது லாரி வரும் அன்றைக்கு மட்டும் கேட்கிறாள். வாசலுக்கு ஓடுவாள், பின்பக்கம் சாக்குகளை இறக்குவது வரை பார்த்துக்கொண்டே நிற்பாள், திரும்பி வந்துவிடுவாள். உண்மையை எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுத வரவில்லை. இந்த முகாமுக்கு ஒரு சூப்பர்வைசர் அம்மா இருக்கிறார். நல்லவர்தான், ஆனால் சட்டம் என்றால் சட்டம். அவரை வைத்துத்தான் அது. அடுத்த தடவை எழுதுகிறேன்.

குட்டி


மே 19

குட்டி,

நீ எழுதுவதற்குள் டிரைவர் சொல்லிவிட்டார்.

கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "உங்க தங்கச்சிக்கும் அவங்க பொண்ணுக்கும் ஒரு குறையும் இல்லம்மா" என்றார். வாய் தவறிச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. "பொண்ணு அச்சு அசல் அம்மா மாதிரியேதான். அம்மா அம்மான்னு அவங்க பின்னாடியேதான் சுத்துது" என்றார். நான் கையில் ட்ரேயோடு நின்றுகொண்டிருந்தேன். ட்ரேயைக் கீழே வைத்துவிட்டு, யார் யாரை அம்மா என்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

என்ன இது? விளையாட்டா? பதில் எழுது. சுற்றி வளைக்காமல் எழுது.

அக்கா


மே 27

அக்கா,

சுற்றி வளைக்கவில்லை.

எல்லையில் எங்கள் பஸ்ஸை நிறுத்தியதும்தான் புதுச் சட்டம் தெரிந்தது. பெற்ற தாயும் பிள்ளையும் மட்டும் உள்ளே போகலாம். அத்தை, சித்தி, அக்கா என்று யார் வந்தாலும் அதே பஸ்ஸில் திரும்ப வேண்டும். முன் சீட்டில் ஒரு பெண் தங்கை பிள்ளையோடு வந்திருந்தாள், அவளைத் திருப்பி ஏற்றிவிட்டார்கள். நாங்கள் வந்த சாலையில் அப்போதே புகை எழும்பிவிட்டது. திரும்பிப் போவது என்றால் அதற்குள்தான் போக வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார்கள். வீடு எரிந்ததில் எல்லாம் போய்விட்டது என்றேன். அது பொய்யில்லை. அடுத்து, மேஜையில் இருந்த ஆபீசர், "பிள்ளைக்கு நீங்க யாரு?" என்றார். "அம்மா" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது.

சரியாக அந்த நேரம் பார்த்து உன் மகள் என் சேலையை இழுத்து, "சித்தி, ஒன்னுக்கு வருது" என்றாள்.

அந்த ஆபீசர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் எங்கிருந்துதான் அந்தப் பேச்சு வந்ததோ. "பெரிய குடும்பம் சார். எங்க அக்கா பிள்ளைங்க கூப்பிடுறதக் கேட்டுக் கேட்டு இவளும் என்னைச் சித்தின்னே கூப்பிடுறா. மாத்தவே முடியல" என்றேன். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். திடீரென்று சிரித்துவிட்டார். "எங்க வீட்லயும் இதே கதைதாம்மா. என் தம்பிங்களப் பாத்து என் பையன் அவங்க அம்மாவ அண்ணின்னுதான் கூப்பிடுறான்" என்றார். எழுதிக்கொண்டு உள்ளே விட்டுவிட்டார். பக்கத்து மேஜையில் இருந்த பெண்தான் மெதுவாகச் சொன்னாள்: "அம்மான்னு கூப்பிடப் பழக்குங்க. எல்லா இடத்துலயும் இவரு மாதிரி ஆளு இருக்க மாட்டாங்க."

பழக்கினேன். வெளியே அம்மா, போர்வைக்குள் சித்தி என்று விளையாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்தேன். கொஞ்ச நாள் சரியாகத்தான் நடந்தது. ஆனால் இங்கே இந்தப் போர்வையில் தும்மினால் மூன்றாம் போர்வையில் ஆயுசு நூறு சொல்கிறார்கள். அந்த மூன்றாம் போர்வைக்காரி பக்கத்து வீட்டுப் பையனைத் தன் பையன் என்று சொல்லிக் கூட்டி வந்தவள். குழாயடிச் சண்டையில் எவளோ அதைப் போட்டுக்கொடுத்துவிட்டாள். சூப்பர்வைசர் அம்மா விசாரித்தார். விசாரணை முடியும் வரை பையன் வேறு ஊரில் இருக்கும் பிள்ளைகள் இல்லத்துக்கு, அவள் வெளியே. அவன் வேனில் ஏறும்போது யாரைக் கூப்பிட்டுக் கத்துவது என்று தெரியாமல் வெறுமனே கத்தினான். அன்றைக்கே வாலுவிடம் போர்வைக்குள்ளும் அம்மாதான் என்று சொல்லிவிட்டேன்.

முதல் தடவை அவள் கூப்பிட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று கேட்காதே. கேட்டால் நான் பொய் சொல்ல வேண்டி வரும். என் வயிற்றில் எதெல்லாம் தங்கவில்லை என்று உனக்குத் தெரியும். அதைச் சொல்லித்தானே அவரும் என்னோடு தங்காமல் போனார். நான் அவளை எடுத்துக்கொள்ளவில்லை அக்கா. உள்ளே கொண்டுவந்தேன், அவ்வளவுதான்.

குட்டி


ஜூன் 3

உனக்குத் தங்காததை எல்லாம் என்னிடமிருந்து எடுத்து ஈடு கட்டிக்கொள். இனிமேல் எனக்கு எழுதாதே.


ஜூலை 10

அக்கா,

எழுதாதே என்றாய். இது மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டும் உனக்குக் கிடைத்தனவா, கிழித்துப் போட்டாயா, ஒன்றும் தெரியவில்லை. டிரைவரைக் கேட்டால் ஆஸ்பத்திரித் தெருவுக்குள் லாரியை விடவில்லை என்கிறார். அவ்வளவு பேசுகிற மனிதர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

குழந்தைகள் வார்டில் குண்டு விழுந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. ஊரில் இன்னும் எத்தனை ஆஸ்பத்திரிதான் மிச்சம் இருக்கிறது?

நீ எழுதிய அந்த வரியை நினைத்து இரண்டு வாரம் உன்மேல் ஆத்திரமாக இருந்தேன். வரிசையில் நிற்கும்போதெல்லாம் மனசுக்குள் உனக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன், ஒவ்வொன்றும் சுருக்கென்று குத்துகிற பதில். இப்போது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. நீ உயிரோடு இருந்தால் அதைவிட மோசமாகக்கூடத் திட்டிக்கொள்.

போன வாரம் வாலுவுக்குக் காய்ச்சல். நீ சொன்ன மாதிரியே காதில் இறங்கிவிட்டது. தலையில் துணி கட்டினேன். காய்ச்சல் வேகத்தில் "அம்மா, அம்மா" என்று முனகினாள். பக்கத்தில் போய்ப் படுத்தேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். அவள் கூப்பிட்டது உன்னையா, என்னையா என்று எனக்குத் தெரியாது. காய்ச்சல் விட்ட பிறகும் நான் கேட்கவில்லை.

ஒரு வரி எழுது.

குட்டி


ஜூலை 24

குட்டி,

இருக்கிறேன்.

பகலில்தான் விழுந்தது. நான் தண்ணீர் பிடிக்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தபோது படிக்கட்டு பாதிதான் இருந்தது. சீனியர் இல்லை. டிராயர்களில் போட்டிருந்த பிள்ளைகள் ஒருவரும் இல்லை. நடக்கத் தெரிந்த சிலர் வராந்தாவில் இருந்ததால் பிழைத்தார்கள், அவர்களை வேறு ஊருக்கு வண்டியில் ஏற்றிவிட்டோம். டாக்டர் ரொம்ப நேரம் கற்களைக் கையால் எடுத்துக்கொண்டிருந்தார். போதும் என்று சொல்லி நான்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அதன் பிறகு என்ன செய்வது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

யாருக்காக நின்றேனோ அவர்களை நான் காப்பாற்றவில்லை. நான் நின்றதால் என் மகள் வேறொருத்தியை அம்மா என்கிறாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூட எனக்குச் சக்தி இல்லை. அழுகை வரவில்லை. தூக்கம்தான் வருகிறது. உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன்.

உனக்கு எழுதிய அந்த ஒரு வரி இருக்கிறதே, அது நான் எழுதியது இல்லை என்று சொல்ல ஆசைதான். நான்தான் எழுதினேன். நீ உள்ளே கொண்டுபோகாமல் இருந்திருந்தால் அவளும் இந்தச் சாலையில்தான் திரும்பி வந்திருப்பாள். உங்களை இறக்கிவிட்டுத் திரும்பிய அந்த பஸ் ஊர் வந்து சேரவில்லை என்பது உனக்குத் தெரியுமா? எனக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த வரியை எழுதினேன். மன்னித்துக்கொள் என்றால் உடனே மன்னித்துவிடுவாய், உன் குணம் அப்படி. அதனால் கேட்கவில்லை.

இங்கே இனி எனக்கு வேலை இல்லை. நான் வர வேண்டும். எப்படி வருவது என்று கேட்டு எழுது.

அக்கா


ஆகஸ்ட் 5

அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாதி வெட்டிய தலையோடு ஒரு அம்மா உள்ளே காத்திருந்தார், பாவம்.

நான் மன்னித்துவிட்டேன். நீ கேட்காவிட்டால் என்ன?

நீ வருவதற்கு வழி இருக்கிறது. சொல்லத்தான் நாக்கு கூசுகிறது. இங்கே பதிவில் இருப்பவர்களின் கூடப் பிறந்தவர்கள் தனியாக இருந்தால் வரவழைக்கலாம் என்று இப்போது விதி வந்திருக்கிறது. சூப்பர்வைசர் அம்மாவிடம் போனேன். அக்கா இருக்கிறாள், நர்ஸ், புருஷன் இல்லை என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். எழுதிக்கொண்டே, "உங்க அக்காவுக்குக் குழந்தைங்க உண்டா?" என்று கேட்டார்.

வாலு என் பக்கத்தில் நின்று அவருடைய மேஜை மணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றேன்.

உண்டு என்றால் எங்கே என்பார். செத்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதுதான் அந்தக் குழந்தை என்றால் வேன் வரும். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று அன்றையிலிருந்து யோசிக்கிறேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

முடிவு நீதான் எடுக்க வேண்டும். உண்மையைச் சொல் என்று நீ எழுதினால் நாளைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன். என்னை வெளியே அனுப்புவார்கள். அது பரவாயில்லை, கத்தரிக்கோல் இருக்கிறது, எங்கேயும் பிழைத்துக்கொள்வேன். ஆனால் விசாரணை முடியும் வரை அவள் இல்லத்தில் இருப்பாள். அந்த மூன்றாம் போர்வைப் பையன் இன்னும் திரும்பி வரவில்லை. காகிதம் எல்லாம் எரிந்துபோன பிறகு பெற்றவள் நீதான் என்று எதைக் காட்டி நிரூபிப்பது?

நீ வருவது மட்டும் எனக்கு வேண்டும். எப்படி என்பதை நீ சொல்.

குட்டி


ஆகஸ்ட் 14

குட்டி,

உண்மையைச் சொல்ல வேண்டாம்.

பதிவில் இருக்கிற மாதிரியே வருகிறேன். உன் அக்கா, நர்ஸ், பிள்ளை இல்லாதவள். அவளுக்குப் பெரியம்மா. உன்னுடைய பெரிய குடும்பத்துப் பொய்யில் ஒரு ஆள் குறைந்தது, அதை நானே வந்து நிரப்பிவிடுகிறேன். எல்லையில் அதே ஆபீசர் இருந்து, நீ அன்று சொன்ன என் பிள்ளைகள் எங்கே என்று கேட்டால், அதற்கு மட்டும் ஏதாவது யோசித்து வை. உனக்குத்தான் அந்த மாதிரிப் பேச்சு உடனே வரும்.

நான் வருவதற்கு முன்னால் அவளைப் பழக்கிவிடு. உன்னை அம்மா என்று கூப்பிடப் பழகிக்கொண்ட மாதிரியே இதையும் பழகிவிடுவாள். அவள் என்னை மறந்திருந்தால் சிக்கல் இல்லை. மறக்காமல் இருந்தால்தான் சிக்கல். லாரியில் இருந்து நான் இறங்கும்போது சூப்பர்வைசர் அம்மா வாசலில் நிற்பார் இல்லையா? அவர் முன்னால் அவள் வாயில் அந்த வார்த்தை வந்துவிடக் கூடாது. அவள் ஓடி வந்தால் தடுக்காதே, பெரியம்மாவிடமும் பிள்ளைகள் ஓடித்தான் வரும். நான் அழுதால் ஊரை நினைத்து அழுகிறாள் என்று சொல்.

அவளைக் கொஞ்ச நேரத்துக்கு மேல் நான் மடியில் வைத்துக்கொள்ளாமல் நீ பார்த்துக்கொள். அவளுக்குச் சாப்பாடு ஊட்டுவது, தலை வாருவது எல்லாம் நீயே செய். நான் குறுக்கே வந்தால் எல்லோர் முன்னாலும் என்னை அதட்டு. சின்ன வயதில் நான் உன்னை அதட்டாததா?

சண்டை முடிந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நீ மனசுக்குள் நினைத்துக்கொண்டிருப்பாய். அதைப் பற்றி இப்போது நான் நினைக்கவில்லை. அவள் இருக்கும் இடத்தில் நான் இருந்தால் போதும் என்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

லாரிக்காகக் காத்திருப்பவர்களை ஒரு குடோனில் வைத்திருக்கிறார்கள். நிறையத் தாய்மார்கள், நிறையப் பிள்ளைகள். நாள் முழுக்க எந்த மூலையிலாவது ஒரு பிள்ளை "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. கூப்பிடும்போதெல்லாம் என் கழுத்து தானாகத் திரும்புகிறது. திரும்பாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்று முழுக்க முடியவில்லை. இன்று காலையிலிருந்து ஒரு தடவைதான் திரும்பினேன்.

அக்கா